பாதி நிறைந்த கலம்: பீர்மேட்டு மலையில் மின்கலம் பேணிய கதை

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், கள ஆய்வின்பொருட்டு வண்டிப்பெரியாற்றுக்கு மேலேயுள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளின் வாய்மொழி வரலாற்றைத் தொகுப்பதே நோக்கம். ஆனால் நான் திரும்பி வந்தது வேறொரு கேள்வியோடு. அவ்வூர் மகளிர் குழு ஒன்றின் அறையில், மருந்து தெளிக்கும் ட்ரோனுக்குரிய நான்கு மின்கலங்களைக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் செங்கல்லைவிடச் சற்றுப் பெரியது. நான்கில் மூன்று தலையணைபோல உப்பியிருந்தன. இனி அவற்றைப் பறக்கவிட இயலாது, மின்னேற்றவும் கூடாது.

வைகாசிக் கடைசியில், பருவமழை இறங்குவதற்கு முன் கடைசியாகப் பறக்கவிட்டிருக்கிறார்கள். அதன்பின், மழை விட்டதும் உடனே எடுக்கவேண்டுமே என்று நான்கையும் முழுமையாக மின்னேற்றி, ஈரம் தாக்காதிருக்க ஏலக்காய் உலர்த்தும் அறைக்குப் பக்கத்துச் சுவரையொட்டி மூன்றை அடுக்கியிருக்கிறார்கள். இடம் போதாமையால் நான்காவது மட்டும் வெளித்திண்ணைப் பெட்டியில் கிடந்தது. தப்பியது அதுதான்.

"எங்கப்பா லாரி ஓட்டுனவரு. பேட்டரியக் காலியா போடாத, செத்துப்போகும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அதான் ஃபுல்லா ஏத்தி வெச்சோம்" என்றார் குழுவின் பொறுப்பாளரான அக்கா.

அவருடைய தந்தை சொன்னது பிழையன்று. லாரியின் ஈயக் கலத்துக்கு அது முற்றிலும் சரியான விதி. ஒரு தலைமுறையின் சரியான அறிவு அடுத்த தலைமுறையின் பொருளைக் கொன்றிருக்கிறது. இத்தகைய நிகழ்வுகளை அறியாமை என்னும் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆனால் இங்கே நடந்தது அறியாமையால் அன்று. மரபாக வந்த அறிவு இடம் மாறிப் பயன்பட்டதால். தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. பேணியவர்களின் வரலாறு குறைவு. மின்கலத்தைப் பொறுத்தவரை பேணுதலின் வரலாறே முதன்மையானது என்பது என் எண்ணம். ஏனெனில் மின்கலம் சும்மா இருக்கும்போதும் மாறிக்கொண்டிருக்கும் பொருள். மண்வெட்டியை மூலையில் சாத்திவைத்தால் துரு ஏறும், அவ்வளவே. மின்கலத்தைச் சாத்திவைத்தால் அதற்குள் வேதிவினை தொடர்கிறது.

மலைக்கு முதலில் வந்த மின்சாரம் கம்பியில் வந்ததன்று, கலத்தில் வந்தது. 1850களில் வில்லியம் ஓஷாநெஸ்ஸியின் முயற்சியால் இந்தியாவில் தந்தி பரவியபோது, ஒவ்வொரு தந்தி நிலையத்திலும் மின்கல அடுக்கு ஒன்று தேவைப்பட்டது. இந்தியத் தந்தித்துறையில் பெரிதும் வழங்கியது மினோட்டோ கலம்: அடியில் செப்புத் தகடு, அதன்மேல் மயில்துத்தப் படிகம், நடுவே மணல் அல்லது மரத்தூள், மேலே துத்தநாகம். இது திரும்ப மின்னேற்றத்தக்கதன்று. தீர்ந்த பொருளை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஆயினும் பேணுதல் என்ற வேலை அங்கேயே தொடங்கிவிட்டது. தண்ணீர் வற்றாமல் பார்ப்பதும், துத்தநாகத்தைச் சுரண்டித் தூய்மை செய்வதும் ஓர் ஊழியரின் அன்றாடக் கடமைகளாயின. தந்தி அனுப்பியவர்களைப் பற்றி நமக்கு நூல்கள் உண்டு; துத்தநாகம் சுரண்டியவர்களைப் பற்றி இல்லை.

திரும்ப மின்னேற்றத்தக்க முதல் கலம் 1859-இல் பிரெஞ்சு இயற்பியலர் காஸ்தோன் பிளாந்தே செய்த ஈய–அமிலக் கலமாகும். 1881-இல் கமீய் ஃபோர் ஈய ஆக்சைடு பசையைத் தகட்டில் பூசும் முறையைக் கொண்டுவந்தபின் அது தொழிற்சாலைப் பொருளாயிற்று. அதன் வேதியியல் ஒரு கண்டிப்பான ஒழுக்கத்தை வகுத்தது. மின்னிறங்கும்போது இரு தகடுகளிலும் ஈய சல்ஃபேட்டு நுண்படிகமாகப் படிகிறது. உடனே மின்னேற்றினால் கரைந்து திரும்பிவிடுகிறது. வெறுமையாகவே விட்டுவைத்தால் அப்படிகங்கள் பெருத்து இறுகுகின்றன. பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் திரும்புவதில்லை. ஆகவே ஈயக் கலத்தின் முதல் விதி: வெறுமையாக வைக்காதே. இரண்டாவது விதி: தகடு வெளியே தெரியுமாறு நீர் வற்றவிடாதே. அமிலத்தின் ஒப்படர்த்தியை ஹைட்ரோமீட்டர் கொண்டு அளந்தால் 1.280 அளவில் நிற்பது நிறைகலம், 1.150-க்கு இறங்கினால் வெறுங்கலம்.

இவ்வொழுக்கத்தை இந்நாட்டில் பல இலட்சம் கைகள் கற்றுக்கொண்டன. ரயில்பெட்டியின் அச்சிலிருந்து வார்ப்பட்டை வழியே சுழலும் டைனமோவும், வண்டி நிற்கும்போது விளக்கெரியப் பெட்டிக்கடியில் தொங்கிய ஈயக் கலங்களும் கொண்ட முறை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஊழியர்கள் இருந்தார்கள். அகில இந்திய வானொலியின் தொடக்க ஆண்டுகளில், மின்சாரம் எட்டாத கிராமங்களில் வைக்கப்பட்ட பொது வானொலிப் பெட்டிகள் மின்கலத்தால்தான் பாடின. தீர்ந்ததை எடுத்துக்கொண்டு நிறைந்ததை வைத்துச் செல்வது ஒரு தனி ஏற்பாடு. அப்புறம் லாரி. கோட்டயம்–குமுளிச் சாலையில் தேயிலைப் பெட்டி ஏற்றி இறங்கிய ஒவ்வொரு லாரியிலும் ஓர் ஈயக் கலம் இருந்தது. அச்சாலையோரச் சிற்றூர்களில் அதற்கு மின்னேற்றும் கடைகள் இருந்தன. வண்டிப்பெரியாற்றில் அப்படியொரு கடையில் இளமையில் வேலை பார்த்த முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். அமிலம் பட்டு ஓட்டையான காக்கிக் கால்சட்டைகளைப் பற்றியே நெடுநேரம் பேசினார். அவர் கற்றதெல்லாம் மூன்று சொற்றொடர்கள்: தண்ணியப் பாரு, முனையில கிரீஸ் தடவு, காலியாப் போடாதே. மேலே வந்த லாரி ஓட்டுநரின் அறிவுக்கு மூலம் இத்தகைய கடைகளே.

டார்ச் விளக்கின் வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. ஆனால் ஒரு செய்தி இங்கே தேவை. தோட்ட வாழ்வில் டார்ச் ஓர் ஆடம்பரம் அன்று. அட்டை ஊரும் பாதையில், யானை நிற்கக்கூடிய வளைவில், இருட்டில் லயத்துக்குத் திரும்புகிறவர் கையில் அது உயிர்ப்பொருள். தீர்ந்த பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்து மீண்டும் போடும் வழக்கம் தமிழகம் எங்கும் உண்டு, மலையிலும் உண்டு. வெப்பம் வேதிவினையை விரைவுபடுத்துவதால் எஞ்சியிருக்கும் சிறிதளவு ஆற்றல் வெளிப்படுகிறது; இரண்டு நாள் வெளிச்சம் கிடைக்கிறது. இது மூடநம்பிக்கை அன்று, சிக்கனத்தின் வேதியியல். ஆனால் இதிலிருந்து இன்னொரு மரபறிவு உருவாயிற்று: சூடு பேட்டரிக்கு நல்லது. ஏலக்காய் அறையின் சுவரையொட்டி மின்கலத்தை அடுக்கிய கைக்குள் இந்த நினைவும் இருந்திருக்கும் என்றே கருதுகிறேன். அக்கா அதைச் சொல்லவில்லை. இது என் ஊகம்.

மூன்றாவது மரபு நிக்கல்–காட்மியக் கலத்தின் வழியே வந்தது. ஸ்வீடன் நாட்டு வால்டெமர் யுங்னர் 1899-இல் ஆக்கிய இக்கலம், நம்மவர் கைக்குப் பரவலாக வந்தது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்: காவல்துறையினரும் வனத்துறையினரும் ஏந்திய வாக்கி-டாக்கி, கம்பியில்லாத் தொலைபேசி, வீடியோ கேமரா. இதன் ஒழுக்கம் ஈயத்துக்கு நேர்மாறு. பாதி மட்டும் செலவிட்டுத் திரும்பத் திரும்ப மின்னேற்றினால், அப்பாதியையே முழுமை என்று 'நினைவில்' கொண்டுவிடும் என்ற கருத்து பரவியது. விண்கோள்களில், ஒவ்வொரு சுற்றிலும் துல்லியமாக ஒரே அளவு மின்னிறங்கிய கலங்களில் இவ்விளைவு முதலில் பேசப்பட்டது. அன்றாடப் பயன்பாட்டில் அது அத்துணைக் கடுமையாக நேர்வதில்லை. ஆயினும் விதி பிறந்துவிட்டது: முழுதும் தீர்த்துவிட்டுத்தான் ஏற்றவேண்டும். வெறுமையாக வைத்தாலும் இக்கலம் பெரிதும் கெடுவதில்லை. முதல் கைப்பேசி வாங்கியவர்களுக்குக் கடைக்காரர் சொன்ன 'சுத்தமா டவுன் ஆனதும் சார்ஜ் போடுங்க' என்ற அறிவுரை, யுங்னரின் கலத்துக்குரியது; அவர்கள் கையிலிருந்ததோ பல வேளைகளில் லித்தியக் கலம்.

இனி லித்தியத்துக்கு வருவோம். 1970களில் எக்சான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்காம், 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப், 1985-இல் ஜப்பானில் அகிரா யோஷினோ என்று படிப்படியாக வளர்ந்த இக்கலத்தை 1991-இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குடினஃபுக்கு அகவை 97. இவ்வெற்றிக் கதையில் பெரும்பாலோர் விட்டுவிடும் இடைநிகழ்வு ஒன்றுண்டு. கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம் தூய லித்திய உலோகத்தைக் கொண்டு செய்த கலங்கள் 1980களின் இறுதியில் விற்பனைக்கு வந்தன. 1989-இல் ஜப்பானில் அவற்றைக் கொண்ட கைப்பேசிகள் தீப்பற்ற, அனைத்தையும் திரும்பப் பெற நேர்ந்தது. லித்தியத்தை உலோகமாக வைக்காமல் கரியின் அடுக்குகளுக்கிடையே அயனியாக ஒளித்துவைக்கும் இன்றைய முறையின் அருமை, இத்தோல்வியின் பின்புலத்தில்தான் விளங்கும்.

தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14 அன்று சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், இந்தியாவில் மின்கல ஆராய்ச்சியின் முதன்மை மையங்களுள் ஒன்று. உள்நாட்டு லித்திய அயனிக் கலத் தொழில்நுட்பத்தை 2018-இல் அது ஒரு தனியார் நிறுவனத்துக்கு வழங்கியது. அதே ஆண்டு திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் விண்கலங்களுக்கென உருவாக்கிய தன் கலத் தொழில்நுட்பத்தை இந்தியத் தொழில்துறைக்குத் தர முன்வந்தது. பீர்மேட்டு மலைக்கு இருபுறமும், இத்தனை அருகில், இந்நாட்டின் மின்கல அறிவு குவிந்து கிடக்கிறது. குவிந்த அறிவு மலையேறிற்றா என்பதே கேள்வி.

ட்ரோனில் பயன்படுவது இதன் ஒரு வகை. லித்திய பாலிமர் என்பர். கடினமான உலோகக் கூடு இல்லாமல், மெல்லிய அலுமினியப் பையில் அடைக்கப்பட்டது. எடை குறையவேண்டும், ஒரே நொடியில் பெருமின்னோட்டம் தரவேண்டும், அதற்காகக் காப்பு குறைக்கப்பட்டது. ஒவ்வொரு கலமும் பெயரளவில் 3.7 வோல்ட்டு. நிறைந்தால் 4.2. 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் உள்ளே மீளாத சேதம். மருந்து தெளிக்கும் ட்ரோன்களில் பரவலாகக் காணப்படும் அடுக்கில் 12 கலங்கள் தொடராக உள்ளன: பெயரளவில் 44.4 வோல்ட்டு, நிறைந்தால் 50.4. கொள்ளளவு 16,000 மில்லி ஆம்பியர் மணி எனக் கொண்டால், அதில் அடங்கியிருப்பது ஏறத்தாழ 710 வாட் மணி ஆற்றல். ஒரு விமானப் பயணி உடன் எடுத்துச் செல்ல வழக்கமாக அனுமதிக்கப்படும் அளவு 100 வாட் மணி என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அக்காவின் அறையில் அத்தகையவை நான்கு இருந்தன.

இக்கலத்தைச் சேமிக்கும் விதிதான் இக்கட்டுரையின் தலைப்பு. அதை நிறைத்தும் வைக்கக்கூடாது; வெறுமையாகவும் வைக்கக்கூடாது. பாதியில், கலம் ஒன்றுக்கு 3.8 வோல்ட்டு அளவில், அதாவது 12 கல அடுக்கெனில் 46 வோல்ட்டுக்கு அருகில் வைக்கவேண்டும். காரணம் எளியது. நிறைநிலையில் நேர்முனை மிகவும் தூண்டப்பட்ட நிலையில் இருக்கிறது. அதைத் தொட்டுநிற்கும் மின்பகு கரைசல் மெல்லச் சிதைந்து வாயுவாகிறது. வாயு வெளியேற வழியில்லை, பை உப்புகிறது. வெப்பம் இதனைப் பன்மடங்காக்கும். பரவலாக எடுத்தாளப்படும் ஓர் அட்டவணையின்படி, 25 டிகிரி வெப்பநிலையில் 40 விழுக்காடு மின்னேற்றத்தோடு ஓராண்டு வைத்த லித்திய அயனிக் கலம் தன் கொள்ளளவில் 96 விழுக்காட்டைக் காக்கும். முழுதும் நிறைத்துவைத்தது 80 விழுக்காட்டை மட்டுமே காக்கும். 40 டிகிரியில் அவை முறையே 85, 65 ஆகக் குறைகின்றன. மறுபக்கம், வெறுமையாக வைத்தால் தானாகவே கசிந்து 3 வோல்ட்டுக்குக் கீழே போய், எதிர்முனையின் செப்புத் தகடு கரையத் தொடங்கும். அதன்பின் மின்னேற்றினால் உட்குறுக்குச்சுற்று; அதன்பின் தீ.

உலகம் இவ்விதியை எளிதாகக் கற்கவில்லை. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் லித்திய மின்கலச் சரக்கோடு புறப்பட்ட யூ.பி.எஸ். சரக்கு விமானம் தீப்பற்றி விழுந்து இரு விமானிகளும் மாண்டார்கள். 2013 ஜனவரியில் இரு போயிங் 787 விமானங்களில் மின்கலம் எரிந்து, ஏர் இந்தியாவின் விமானங்கள் உட்பட அவ்வகை முழுவதும் தரையிறக்கப்பட்டது. 2016 ஏப்ரல் 1 முதல், தனியாக அனுப்பப்படும் லித்திய அயனிக் கலங்களின் மின்னேற்றம் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விமானச் சரக்கு விதி நடைமுறைக்கு வந்தது. மிகப்பெரும் நிறுவனங்களுக்கே இத்தனை ஆண்டுகளும் உயிர்களும் தேவைப்பட்டன என்பதை நினைவில் கொண்டு, ஒரு மலைக் கிராமத்தின் மூன்று உப்பிய கலங்களைப் பார்க்கவேண்டும்.

அவை அங்கு எப்படி வந்தன என்பதும் வரலாறே. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் தக்ஷா மாணவர் குழு 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாமிடம் பெற்றபோது, தமிழ் நாளேடுகள் ட்ரோனைப் பொதுச்சொல்லாக்கின. 2021 ஆகஸ்டில் ட்ரோன் விதிகள் தளர்த்தப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் பூச்சிமருந்து தெளிப்புக்கான செயல்முறை வெளியாயிற்று. 2023 நவம்பர் இறுதியில், 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் திட்டத்தை 1,261 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் மத்திய அமைச்சரவை ஏற்றது. விலையில் 80 விழுக்காடு, 8 இலட்சம் ரூபாய் உச்சவரம்புக்குள், அரசு தரும். கூடுதல் மின்கலங்களும், விரைவு மின்னேற்றியும், 15 நாள் பயிற்சியும் அத்தொகுப்பில் அடக்கம். ஒரு மின்கலம் மருந்து நிறைந்த ட்ரோனைப் பத்துப் பதினைந்து நிமிடமே தூக்கும். ஆகவே நாள்முழுதும் பறக்கப் பல அடுக்குகள் வேண்டும். வானத்தில் இருப்பது ஒரு ட்ரோன். தரையில் ஒருவர் இடைவிடாமல் சூடான கலத்தை எடுத்து, ஆறவைத்து, ஏற்றிக்கொண்டிருக்கிறார். சூடு தணியுமுன் ஏற்றினால் கலத்தின் ஆயுள் குறையும். நிழற்படங்களில் இடம்பெறுவோர் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியை ஏந்தியவர்கள் மட்டுமே.

பயிற்சியைப் பற்றி அக்காவிடம் கேட்டேன். பறக்கவிடுதல், விதிமுறை, மருந்தின் அளவு ஆகியவை விரிவாகச் சொல்லித்தரப்பட்டன. மின்கலச் சேமிப்பு ஒரு தாளில் நான்கு வரியாக இருந்தது. அத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சாகியிருந்தது. 1956 நவம்பர் 1 முதல் பீர்மேடு கேரளத்தில் இருக்கிறது. அங்குள்ள தோட்டத் தொழிலாளருள் பெரும்பகுதியினர் தமிழர். தமிழிலோ மலையாளத்திலோ நான்கு வரிகூட இல்லாமல் ஏறத்தாழ 710 வாட் மணி அடங்கிய ஒரு பொருளை ஒருவர் கையில் தருவது எனக்குச் சினமூட்டுகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

நிலத்தின் இயல்பையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பீர்முகம்மது என்னும் சூஃபியின் பெயரால் வழங்குவதாகச் சொல்லப்படும் இவ்வூர் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், தென்மேற்குப் பருவமழையை நேராக ஏற்கும் சரிவில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ட்ரோன் பறக்கும் நாள்கள் அரிது. சமவெளியில் ஒரு மின்கலம் ஓய்ந்திருப்பது நாள்கணக்கில், இங்கே மாதக்கணக்கில். ஆகவே சேமிப்புதான் இங்கே மின்கலத்தின் உண்மையான வாழ்க்கை, பறத்தல் இடைவேளை. குளிர் பொதுவாக இதற்கு நன்மையே. ஆனால் மார்கழி விடியலில் குளிர்ந்த கலத்தை எடுத்த எடுப்பில் பறக்கவிட்டால் அதன் உள்தடை கூடி, மின்னழுத்தம் சட்டென விழுந்து ட்ரோன் தரையிறங்கிவிடும். அறை வெப்பத்துக்கு வந்தபிறகே ஏற்றவேண்டும். ஈரமோ இன்னொரு பகை: அது கலத்தின் உள்ளே புகுவதில்லை, முனைகளைத் துருப்பிடிக்கச் செய்கிறது. மூடிய பையும் ஈரமுறிஞ்சிப் பொட்டலமும் போதும். உலர்த்தும் அறை தேவையில்லை.

மின்சாரம் மற்றொரு சிக்கல். இடுக்கி மாவட்டம் கேரளத்தின் மின்சுரங்கம்: 1940-இல் பள்ளிவாசல், 1976-இல் மூலமற்றத்து நிலத்தடி மின்நிலையம். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் கீழே இறங்கிச் செல்கிறது. மேலேயுள்ள லயங்களில் மழைநாளில் விளக்கணைகிறது. பீர்மேடு வட்டத்துக்குள்ளேயே இதற்கொரு பெருஞ்சான்று உண்டு. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணைக்குச் சென்ற மின்கம்பியில் 2000-ஆம் ஆண்டு ஒரு காட்டு யானை அடிபட்டு இறந்தது. இணைப்பு துண்டிக்கப்பட்டது. வல்லக்கடவிலிருந்து காட்டினூடே ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் நிலத்தடிக் கம்பி பதித்து 2021 ஜனவரியில் மீண்டும் மின்சாரம் வரும்வரை, இரு மாநிலங்களும் உச்சநீதிமன்றம்வரை வழக்காடிய ஓர் அணை, டீசல் மின்னாக்கிகளை நம்பி இருபது ஆண்டுகள் இருந்தது. அணையின் உறுதியைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் உள்ளன. அந்த இருபது ஆண்டுகளில் இரவில் மின்னாக்கியை ஓட்டியவர்கள், விளக்கைக் காத்தவர்கள் ஆகியோரின் பணிக்குறிப்பேடுகள் எங்கே இருக்கின்றன? வரலாற்று மாணவர் எவரேனும் தேடத் தகுந்தவை அவை.

இன்னொரு நிகழ்வைச் சொல்லத் தயங்குகிறேன், சொல்லாமலும் இயலவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு, இதே மாவட்டத்தின் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். மழையால் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயிருந்தமையால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே எட்டியது. மின்கலம் சேமித்தல் என்பதை ஒரு பொழுதுபோக்காளரின் கவலை எனக் கருதுவோர் அந்த இரவை எண்ணிப்பார்க்கவேண்டும். 2024-இல் வயநாட்டுச் சரிவில் ட்ரோன்கள் தேடுதலில் ஈடுபட்டன. அடுத்த சரிவு எங்கு நேர்ந்தாலும், முதலில் பறக்கக்கூடியது பக்கத்து ஊர்க் குழுவின் ட்ரோனாகவே இருக்கலாம். அது ஆடி மழையின் நடுவில் நேரும். அப்போது அதன் மின்கலம் எந்நிலையில் இருக்கும்?

இங்கே ஒரு முரண் எழுகிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆபத்துக்கு உதவவேண்டுமெனில் கலம் நிறைந்திருக்கவேண்டும். நீடிக்கவேண்டுமெனில் பாதியில் இருக்கவேண்டும். இக்காலத்து 'அறிவுள்ள' மின்கலங்கள் சில, குறித்த நாள்கள் கடந்தால் தாமே மின்னிறக்கிக்கொள்கின்றன; அவசரத்தில் எடுத்துப் பார்த்தால் பாதிதான் இருக்கும். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் தயங்காமல் ஒரு வழி சொன்னார்: நான்கில் ஒன்றை மட்டும் முறைவைத்து நிறைத்து வைப்பது, வாரம் ஒருமுறை மாற்றுவது. லயங்களில் தண்ணீர்க் குடத்துக்கு அப்படித்தான் முறைவைப்பார்களாம். பொறியியல் நண்பர் ஒருவரிடம் கேட்டேன்; அதைவிடச் சிறந்த ஏற்பாடு தமக்குத் தெரியவில்லை என்றார்.

உப்பிய மூன்றும் என்னவாயின என்று சிலர் கேட்கக்கூடும். 2001-ஆம் ஆண்டின் மின்கல விதிகள் ஈயக் கலத்தை மட்டுமே கருதின. ஈயத்துக்குப் பழைய இரும்புக்கடையில் விலை உண்டு, ஆகவே அது தானே மலையிறங்கிவிடும். 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகைகளையும் உள்ளடக்கி, திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைத்தன. விதி நன்று. ஆனால் உப்பிய லித்தியக் கலத்தைப் பேருந்தில் ஏற்றிச் செல்ல இயலாது, கூரியர்க்காரர் ஏற்பதில்லை, கடைக்காரருக்கு அது வேண்டாம். நான் கிளம்பும்போது அம்மூன்றும் அறைக்கு வெளியே, வீட்டிலிருந்து தள்ளி, மணல் நிரப்பிய இரும்புத் தொட்டியில், மேலே தகரம் மூடிக் கிடந்தன. பொத்திக் குத்திவிடாதபடி பிள்ளைகளை எச்சரித்திருந்தார்கள். அது சரியான ஏற்பாடே. அதைச் சொல்லித்தந்தவர் யார் என்று கேட்டேன். மின்னேற்றும் கடையில் வேலை பார்த்த அதே முதியவர்தாம்; அமிலம் சிந்தினால் மணலைப் போடு என்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கற்றதை இங்கே பயன்படுத்தியிருக்கிறார். மரபறிவு இம்முறை பொருந்திவிட்டது.

ஐப்பசியில் மீண்டும் சென்றேன். புதிய கலங்கள் இரண்டு வந்திருந்தன, கடன் வாங்கித்தான். சுவரில் ஒரு பள்ளி நோட்டு தொங்கியது. தேதி, கலத்தின் எண், வோல்ட்டு, யார் பார்த்தது என்று நான்கு பத்தி. கடைசி வரியில் 'எண் 4: 46.1, எண் 5: 46.0, எண் 6: ஃபுல், இந்த வாரம் முறை' என்றிருந்தது.

இத்தகைய குறிப்பேடுகளைத் தொகுத்துவருகிறேன். தேயிலைத் தொழிற்சாலைகளின் பழைய மின்கலப் பதிவேடு, மின்னேற்றும் கடைகளின் பெயர்ப்பலகை, ரயில்விளக்கு ஊழியர்களின் பணிக்கையேடு, கிராம வானொலிப் பெட்டிகளுக்கு மின்கலம் மாற்றியவர்களின் நினைவுகள் என எதுவாயினும், வைத்திருப்போர் அல்லது வைத்திருப்போரை அறிந்தோர் பின்னூட்டத்திலோ தனிச்செய்தியிலோ தெரிவிக்க வேண்டுகிறேன். நேரில் வந்து படியெடுத்துக்கொள்வேன், மூலத்தைக் கேட்கமாட்டேன்.